எனக்கு மட்டும் நீக்கு

வாசுகி கொண்டுவந்த சீட்டில் ஒரே ஒரு சொல்தான் இருந்தது. மருந்துக்கடைக் கவரைப் பிரித்து, அதன் உள்பக்கத்தில் பேனாவை அழுத்தி எழுதியிருந்தாள். சைபர்புல்லியிங்.

"மக போன்ல சொல்லச் சொல்ல எழுதுனதுங்க பாய். சரியா இருக்குங்களா?"

"சரியாத்தான் இருக்குதுங்க."

"நமக்கு நடந்ததுக்கு இதுதான் பேராம். இந்தப் பேரைச் சொல்லிப் புகார் குடுங்கறா."

நான் சீட்டைத் திருப்பிப் பார்த்தேன். மறுபக்கத்தில் மருந்துக்கடைப் பெயர். மறுபடி திருப்பினேன். எதையாவது பார்த்துக்கொண்டிருக்க வேண்டும் போலிருந்தது. அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

என் கடை குன்னூர் மார்க்கெட்டுக்கு மேலே, படிக்கட்டுச் சந்தில் இருக்கிறது. ஜெராக்ஸ், டைப்பிங், ஆன்லைன் விண்ணப்பம். பலகையில் தாஹா என்ற என் பெயரைவிடக் கைப்பேசி எண்தான் பெரிதாக இருக்கும். தேயிலைத் தோட்டத்து ஆட்கள் மனு எழுத இங்கே வருவார்கள். அதிலும் சிலோனிலிருந்து திரும்பி வந்த குடும்பங்கள். அவர்களிடம் எப்போதும் ஏதாவது ஒரு காகிதம் குறைவாகவே இருக்கும். வாசுகிக்கு ரேஷன் அட்டையில் பெயர் திருத்தியது நான். அவள் மகள் கோகிலவாணிக்கு சாதிச் சான்றுக்கும், கோயமுத்தூரில் நர்சிங் படிப்புக்கும் விண்ணப்பம் போட்டதும் நான்தான். அந்தப் பெண்ணுக்கு இடம் கிடைத்த அன்று வாசுகி ஒரு பை நிறைய பேரிக்காய் கொண்டுவந்து மேஜைமேல் கொட்டினாள். ஒன்று உருண்டு படிக்கட்டில் இறங்கிப் போனது. அதைப் பிடிக்க அவள் சிரித்துக்கொண்டே ஓடியது இன்னும் நினைவிருக்கிறது.

அப்படிப்பட்டவளைத்தான் நான் படம் எடுத்துப் போட்டேன்.

அந்த வருடம் பச்சைத் தேயிலை விலை பறிகூலிக்கும் கீழே போயிருந்தது. இலையைப் பறித்துக் கொடுத்தாலும் நஷ்டம், பறிக்காமல் விட்டாலும் நஷ்டம். பாதிப் பேர் தோட்டத்தை அப்படியே போட்டுவிட்டுத் திருப்பூருக்கு இறங்கிவிட்டார்கள். வாசுகியின் கணவன் அதற்கும் ஆறு வருடம் முன்பே போனவன், திரும்பவில்லை. மார்க்கெட்டில் எங்கள் கடைகளும் ஈ ஓட்டின. கடைசியில் சிறு தோட்டக்காரர்கள் கூடி, பத்து நாள் எந்த ஃபாக்டரிக்கும் இலை கொடுப்பதில்லை என்று முடிவெடுத்தார்கள். அவர்களுக்கு மனுக்களைத் தட்டச்சு செய்து கொடுத்தவன் என்பதால் என்னையும் வாட்ஸ்அப் குரூப்பில் சேர்த்தார்கள். 'எங்கள் இலை எங்கள் உரிமை.' இருநூற்றுப் பன்னிரண்டு பேர். எனக்கு அதில் பெருமை இருந்தது. ஒரு செடியும் சொந்தமாக இல்லாதவனை அவர்களில் ஒருவனாக வைத்திருக்கிறார்களே என்ற பெருமை.

ஆறாம் நாள் கோத்தகிரியில் தங்கை வீட்டுக்குப் போய்விட்டு பஸ்ஸில் திரும்பிக்கொண்டிருந்தேன். கரும்பாலம் நிறுத்தத்துக்கு முந்தைய வளைவில், மூடுபனிக்குள், ஒரு பெண் தலையில் வலைமூட்டையோடு ரோட்டோரம் நடந்துகொண்டிருந்தாள். ஃபாக்டரிக்கு இலை கட்டுகிற அதே நைலான் வலை. உள்ளே பச்சை. ஊரே பட்டினி கிடக்கும்போது ஒருத்தி திருட்டுத்தனமாக இலை விற்கிறாளா? ஜன்னல் வழியாகப் படம் எடுத்தேன். பஸ் அவளைத் தாண்டும்போதுதான் முகம் தெரிந்தது. வாசுகி. தெரிந்த பிறகுதான் அனுப்பினேன். அதை நான் இங்கே சொல்லித்தான் ஆக வேண்டும்.

படத்துக்குக் கீழே ஒரு வரி எழுதினேன். 'இன்றைக்கும் இலை மூட்டை போகிறதே, இவர்களை யாருக்காவது தெரியுமா?'

கேள்விதான் கேட்டேன். பெயர் சொல்லவில்லை. திட்டவில்லை. குன்னூரில் இறங்குவதற்குள் நாற்பது பதில்கள் வந்திருந்தன.

அன்று மாலையே அவள் பெயர், குடியிருக்கும் லயம், கணவன் ஓடிப்போன கதை எல்லாம் வந்துவிட்டது. 'சிலோன்காரிக்கு எங்க போனாலும் காட்டிக்குடுக்கறதுதான் தொழில்' என்று ஒருவர் எழுதினார். அதற்குக் கைதட்டல்கள். மறுநாள் யாரோ அவள் முகத்தையும் மூட்டையையும் மட்டும் வெட்டி ஸ்டிக்கர் ஆக்கினார்கள். கீழே 'மூட்டக்கா' என்று எழுத்து. காலை வணக்கத்துக்கும் அதுதான், பிறந்தநாள் வாழ்த்துக்கும் அதுதான். குரூப் விட்டுக் குரூப் தாவியது. நான் எதுவும் எழுதவில்லை. சிரிக்கவும் இல்லை. பார்த்துக்கொண்டிருந்தேன்.

நான்காம் நாள் பயம் வந்து என் படத்தை அழிக்கப் பார்த்தேன். 'அனைவருக்கும் நீக்கு' என்ற வரி காணவில்லை. அதற்கான நேரம் கடந்துவிட்டது. 'எனக்கு மட்டும் நீக்கு' என்றுதான் இருந்தது. அதை அழுத்தினேன். என் கைப்பேசியில் படம் போய்விட்டது. மற்ற இருநூற்றுப் பதினோரு பேரிடமும் இருந்தது. எனக்கு மட்டும் எதுவும் நடக்காதது போல் ஆகிவிட்டது.

இப்போது அவள் என் எதிரே, பிளாஸ்டிக் நாற்காலியின் நுனியில், ஸ்வெட்டர் கைகளை உள்ளங்கை வரை இழுத்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

"அப்படின்னா என்னங்க பாய், அந்த வார்த்தைக்கு?"

புகார்ப் படிவத்தைத் திறந்தபடியே சொன்னேன். "ஃபோன்லயோ நெட்லயோ ஒருத்தரைத் திரும்பத் திரும்ப அவமானப்படுத்தறது, மெரட்டறது, படத்தைப் போட்டுக் கேலி பண்றது. அவங்களால திருப்பி எதுவும் பண்ண முடியாதபடி பண்றது. இணையவழிக் கொடுமைன்னு தமிழ்ல எழுதலாம்."

அவள் யோசித்தாள். கீழே மார்க்கெட்டில் யாரோ காரட் மூட்டையைப் போடும் சத்தம் கேட்டது.

"திரும்பத் திரும்பன்னா ஒரே ஆளுங்களா?"

"அப்படித்தான் இருக்கணும்னு இல்லைங்க."

"ஏன் கேக்கறேன்னா, ஒவ்வொருத்தரும் ஒரு தடவதான் பண்ணிருப்பாங்க. கேட்டா நான் ஒரு தடவதான சிரிச்சேன்னு சொல்வாங்க. எனக்குத்தான் அது எண்ண முடியல."

நான் பெயர், வயது, முகவரி கட்டங்களை நிரப்பினேன். விரல்கள் பழக்கத்தில் ஓடின.

"எங்கம்மா கேலியப் பகிடின்னு சொல்லும். லயத்துல ஆரையாவது பகிடி பண்ணுனா, பண்ணுனவனும் அங்கயே நிப்பான். வெளக்கமாத்தை எடுத்தா ஓடுவான். இதுல வெளக்கமாத்தை எடுத்துட்டு நான் எங்க போறது சொல்லுங்க?"

சிரிக்கத்தான் சொன்னாள். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பு என் வாயில் ஒட்டவில்லை.

"நடந்ததைச் சொல்லுங்க, எழுதிக்கறேன்."

அவள் சொன்னாள். அந்த ஒரு ஏக்கர் தோட்டம் வெலிங்டன் ராணுவ முகாமில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருவருடையது. வாசுகி அதைப் பார்த்துக்கொள்கிறாள். பத்து நாள் கை வைக்காமல் விட்டால் இலை முற்றிச் செடி கெட்டுவிடும். அதனால் பறித்து எறியச் சொன்னார் முதலாளி. ஆட்கள் இருந்த தோட்டங்களில் எல்லாம் அப்படித்தான் செய்தார்கள். பறித்துச் செடிகளுக்கு நடுவிலேயே போட்டார்கள்.

"நானும் மொத ரெண்டு நாளு அங்கனயேதான் போட்டேன். சாயந்தரம் பாத்தா கொழுந்தைக் காணோம். ஆரோ வந்து அள்ளிட்டுப் போயிட்டாங்க. எங்கயோ ராவோட ராவா எடை போடறாங்கன்னு பேச்சு. நான் பறிச்ச கொழுந்து ஃபாக்டரிக்குப் போனா அது நான் வித்த மாதிரிதானுங்க? அதான் வலையில கட்டி, ரோட்டைத் தாண்டி, கீழ ஓடைக்குக் கொண்டுபோய்க் கொட்டுனேன். அள்ள முடியாத பள்ளம் அது. எட்டு நாளும் கொட்டுனேன்."

என் விரல்கள் நின்றுவிட்டன.

"யாருகிட்டயாவது சொன்னீங்களா இதை?"

"சொல்லாம? சுப்பம்மாக்காகிட்டயே சொன்னேன். தூக்கிப் போடற எலைய எவளாவது தலையில சொமப்பாளாடின்னு கேட்டுச்சு. நெசந்தானுங்களே. ஆரு சொமப்பா?"

சுப்பம்மா எட்டுப் பெண்களைச் சேர்த்து ஜீப்பில் தோட்டந்தோட்டமாகப் பறிப்புக்குக் கூட்டிப் போகிறவள். அந்த எட்டில் ஒருத்தி வாசுகி. நிறுத்தம் முடிந்து ஒரு வாரம் ஆகியும் அவளை ஜீப்பில் ஏற்றவில்லை. அவளைக் கூட்டிப்போனால் தோட்டக்காரர்கள் வேறு ஆள் வைத்துக்கொள்வார்களாம். தனியாகப் போய்ப் பறிக்க இந்த மலையில் யாரும் வேலை கொடுப்பதில்லை. அந்த ஜீப் இல்லை என்றால் அவளும் மற்றவர்களைப் போல் திருப்பூருக்கு இறங்க வேண்டியதுதான்.

"கோகிலாவோட ஹாஸ்டலுக்கும் போயிருச்சுங்க அந்தப் படம். கூடப் படிக்கற புள்ளைக்குத் தெரியாது இது அவங்கம்மான்னு. இந்தா இதைப் பாருன்னு சிரிச்சுட்டே காட்டியிருக்கு." ஸ்வெட்டர் கையை இன்னும் இழுத்துவிட்டாள். "இவளும் சிரிச்சாளாம் பாய். எங்கம்மான்னு சொல்லலையாம். அதைச் சொல்லித்தான் ஃபோன்ல அழுதா."

அடுத்த கட்டத்துக்கு வந்திருந்தோம். முதலில் வெளியிட்டவர் பெயர், கைப்பேசி எண், தெரிந்தால்.

"அது தெரியலைங்க. பஸ்ல இருந்து எடுத்திருக்காங்க, அவ்வளவுதான் தெரியுது. கம்ப்யூட்டர்ல பாத்தா கண்டுபுடிக்கலாமுங்களா?"

இந்தக் கடையில் ஒரு நாளைக்குப் பத்துத் தடவை சொல்கிற பொய் ஒன்று உண்டு. அது தானாக வந்தது.

"சர்வர் போயிருச்சுங்க. சனிக்கிழமை வாங்க."

அவள் நம்பினாள். சீட்டை மட்டும் திரும்ப வாங்கி ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டாள். அந்தச் சொல்லையும் தொலைத்துவிடக் கூடாது என்பது போல.

மறுநாள் சந்து முனை டீக்கடையில் பாண்டியன் நின்றிருந்தான். சுப்பம்மாவின் ஆட்களை ஏற்றிப்போகும் ஜீப் அவனுடையது. குரூப்பில் அவளைப் போல் பேசி ஆடியோ போட்டவனும் அவன்தான். கூட இரண்டு பேர்.

"வாங்க பாய்! மூட்டக்கா கடைக்கு வந்துச்சாமா? கொரியர் எதும் அனுப்பணுமா, ஃபாக்டரிக்கு?"

கூட நின்றவர்கள் சிரித்தார்கள்.

"புகார் எழுத வந்தாங்க" என்றேன்.

"யாரு மேல?"

"மொதல்ல படம் போட்டவன் மேல."

பாண்டியன் டீயை உறிஞ்சாமல் என்னைப் பார்த்தான். பிறகு விழுந்து விழுந்து சிரித்தான். "அட, உங்ககிட்டயே வந்து உங்க மேலயேவா? நல்ல எடம் பாத்துது போ! எழுதுங்க எழுதுங்க, ஸ்பெல்லிங் தப்பில்லாம எழுதுங்க." சிரிப்பு அடங்கியதும் குரலைத் தாழ்த்தினான். "பாய், நாங்க யாரும் வாயத் தொறக்க மாட்டோம். பத்து நாள்ல புதுசா ஒண்ணு வந்துரும். இதை மறந்துருவாங்க. நீங்க என்ன, கேள்விதான கேட்டீங்க?"

நான் எனக்கே சொல்லிவைத்திருந்த அதே வார்த்தை. இன்னொருவன் வாயில் கேட்டபோதுதான் அதன் நாற்றம் தெரிந்தது.

"நீ ஜீப் ஓட்டறவன்தான பாண்டியா. எலை தெரியும் உனக்கு. அந்த ஓடையப் போய்ப் பாத்தியா?"

"எந்த ஓடை?"

"கொட்டுனேன்னு சொல்றாங்களே."

"எலையத் தலையில சொமந்துட்டுப் போய் ஓடையில கொட்டறதா? பாய், நீங்க ஜெராக்ஸ் எடுங்க. எலைய எங்களுக்கு விடுங்க."

அதுதான் நடந்தது என்று அப்போது புரிந்தது. எனக்கு இலை தெரியாது, அதனால் சந்தேகப்பட்டேன். அவர்களுக்கு இலை தெரியும், அதனால் உறுதியாக நம்பினார்கள். இருநூறு பேரில் ஒருவர்கூட இருபது நிமிடம் நடந்து கீழே இறங்கிப் பார்க்கவில்லை.

வீட்டில் மனைவி ஜுலைகாவிடம் சொன்னேன். அவள் வெங்காயம் நறுக்கிக்கொண்டே முழுவதையும் கேட்டாள். நடுவில் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. எங்கள் வீட்டில் பேச்சு குறைவு. நான் புத்தகம் படிப்பேன், அவள் அவள் பாட்டில் இருப்பாள்.

"மூஞ்சியப் பாத்துட்டுத்தான் அனுப்புனீங்களா?" என்றாள் கடைசியில்.

"ஆமா."

"பேரிக்கா கொண்டுவந்து குடுத்தவதான?"

"ஆமா."

தட்டை என் முன்னால் கொஞ்சம் சத்தமாக வைத்தாள்.

வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகை முடிந்ததும் கடையைத் திறக்கவில்லை. கோத்தகிரி பஸ்ஸில் ஏறி அந்த வளைவில் இறங்கினேன். பனி இல்லை. வெயிலில் எல்லாம் சாதாரணமாக இருந்தது. சுற்றிலும் கைவிடப்பட்ட தோட்டங்களில் செடிகள் தலைவிரித்து நின்றன, இலைகள் உள்ளங்கை அகலத்துக்கு. சில இடங்களில் மெஷின் வைத்து வெட்டிக்கொண்டிருந்தார்கள். ஒரே ஒரு தோட்டம் மட்டும் பாய் விரித்தது போல் சமமாக இருந்தது. கேட்காமலே அது யாருடைய கை என்று தெரிந்தது.

ரோட்டுக்குக் கீழே ஒற்றையடிப் பாதை. கால் வழுக்கியது. உண்ணிச் செடியைப் பிடித்துக்கொண்டு இறங்கினேன். வெறுங்கையோடு இறங்கவே எனக்கு மூச்சு வாங்கியது. அவள் முப்பது கிலோவைத் தலையில் வைத்துக்கொண்டு எட்டு நாள் இறங்கியிருக்கிறாள்.

பள்ளத்தைப் பார்ப்பதற்கு முன் வாசனை வந்தது. ஃபாக்டரிப் பக்கம் போனால் வருமே, அந்தப் புளித்த வாசனை. ஆனால் அழுகல் கலந்தது. எட்டிப் பார்த்தேன். கறுப்பாக, மலைபோல், கசங்கிய இலை. மேலே பூஞ்சை பிடித்திருந்தது. குச்சியால் கிளறினால் உள்ளே இன்னும் பழுப்பாகச் சூடு இருந்தது. ஒரு ஓரம் ஓடைத் தண்ணீரில் கரைந்து, தண்ணீர் டீ நிறத்தில் கீழே போய்க்கொண்டிருந்தது.

அங்கே ஒரு பாறையில் எவ்வளவு நேரம் உட்கார்ந்தேன் என்று தெரியாது. ஒரு பறவை விட்டு விட்டுக் கூப்பிட்டது. பிறகு படம் எடுத்தேன். கைப்பேசியை நீட்டும்போது கை கூசியது. ஜன்னல் வழியாக எடுத்தபோது கூசியிருக்க வேண்டிய கை.

சனிக்கிழமை வாசுகி பதினோரு மணிக்கு வந்தாள். "சர்வர் வந்துருச்சுங்களா?"

"வந்துருச்சு."

நிரப்பி வைத்திருந்த படிவத்தை அச்செடுத்துக் கொடுத்தேன். இரண்டு பக்கம். "படிச்சுப் பாத்துட்டுக் கையெழுத்துப் போடுங்க."

அவள் எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள். விரல் வரிவரியாக நகர்ந்தது. இரண்டாம் பக்கத்தில், அந்தக் கட்டத்தில் நின்றது. பெயரை அவள் உடனே படிக்கவில்லை. எண்ணைப் பார்த்தாள். பிறகு தலையைத் தூக்கி, என் தலைக்கு மேலே கண்ணாடியில் இடம் வலம் மாறித் தெரிந்த பலகையைப் பார்த்தாள். தன் கைப்பேசியை எடுத்து 'பாய் கடை' என்று பதிந்து வைத்திருந்ததைத் திறந்து, ஒவ்வொரு எண்ணாக ஒப்பிட்டாள்.

"தப்பா அடிச்சுட்டீங்களாட்ட இருக்குதுங்க. இது உங்க நம்பரு."

"தப்பில்லைங்க."

ஜெராக்ஸ் மிஷின் உள்ளே எதுவோ முணுமுணுத்து அடங்கியது. படியில் இரண்டு பேர் பேசிக்கொண்டே இறங்கினார்கள். அவள் காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் எதையாவது சொல்ல நினைத்தேன். நேற்று ஓடைக்குப் போனேன் என்று, இலையைப் பார்த்தேன் என்று. எல்லாமே எனக்காகச் சொல்வது போல் பட்டது.

"புதங்கிழமை நான் சொல்லச் சொல்ல எழுதுனீங்களே. அப்பவே தெரியுமுங்களா?"

"தெரியும்."

"சர்வர்?"

"போகலைங்க."

"படம் எடுக்கறப்ப? நான்னு?"

"எடுக்கறப்ப தெரியல. அனுப்பறப்ப தெரியும்."

அவள் தலையை ஆட்டினாள். அழவில்லை, கத்தவில்லை. ஒரு கணக்கைச் சரிபார்த்தவள்போல் இருந்தது.

"ஒரு ஃபோன் பண்ணிக் கேட்டிருக்கலாமே பாய். என் நம்பரு உங்ககிட்ட இருக்குதே."

நான் மேஜைமேல் கிடந்த என் கைப்பேசியைப் பார்த்தேன்.

அவள் பேனாவைக் கேட்டாள். கையெழுத்துப் போட்டாள். காகிதத்தை மடித்து, தான் கொண்டுவந்திருந்த பிளாஸ்டிக் உறைக்குள் செருகினாள்.

"குரூப்புல உண்மையை எழுதிடறேங்க. ஓடைப் படமும் இருக்கு" என்றேன்.

"எழுதுங்க, எழுதாட்டிப் போங்க. நான் அதுல இல்லையே. எனக்கு அந்த எட்டுப் பேருதான். திங்கக்கிழமை காலையில ஏழு மணிக்கு ஜீப் நிக்கற எடத்துக்கு வாங்க. எழுத்துல வேண்டாம். வாயால சொல்லுங்க. அவங்க மூஞ்சியப் பாத்துச் சொல்லுங்க, எம் மூஞ்சியும் இருக்கறப்ப."

ஞாயிற்றுக்கிழமை குரூப்பில் எழுதினேன். நான்தான் எடுத்தேன், நான்தான் போட்டேன், அவர் இலையை விற்கவில்லை, இதோ ஓடை. நூற்றைம்பது பேர் பார்த்துவிட்டார்கள் என்று காட்டியது. இரண்டு பேர் கட்டைவிரல் காட்டினார்கள். ஒருவர் அடுத்த கூட்டம் எப்போது என்று கேட்டார். மாலையில் என் கடைப் பலகை ஸ்டிக்கராக வந்தது. கீழே 'சர்வர் டவுன்' என்று எழுத்து. அந்தப் பொய்யைப் பற்றி ஜுலைகாவையும் வாசுகியையும் தவிர யாரிடமும் சொல்லவில்லை. இருந்தாலும் என்னைத் தெரிந்த ஊருக்கு அதுவும் தெரிந்திருந்தது. இரண்டு நாள் அது என்னைத் தூங்கவிடவில்லை. இரண்டே நாள்.

திங்கட்கிழமை குளிராக இருந்தது. ஜீப் பக்கத்தில் பெண்கள் ஷால் போர்த்திக்கொண்டு நின்றிருந்தார்கள், கையில் தூக்குப்போசிகளோடு. கொஞ்சம் தள்ளி வாசுகி. அவளும் தூக்குப்போசி கொண்டுவந்திருந்தாள். அதைப் பார்த்தபோதுதான் இன்று என்ன நடக்க வேண்டும் என்பது எனக்கு முழுதாக உறைத்தது. பாண்டியன் ஸ்டியரிங்கில் சாய்ந்து கைப்பேசியைப் பார்ப்பதுபோல் பாவனை செய்தான்.

"ஏனுங்க பாய், இந்நேரத்துல? எலை எடுக்க வர்றீங்களா?" என்றாள் சுப்பம்மா. யாரோ சிரித்தார்கள்.

சொன்னேன். எழுதியிருந்தால் நான்கு வரி. வாயால் சொல்ல அது வளர்ந்துகொண்டே போனது. முகம் தெரிந்த பிறகுதான் அனுப்பினேன் என்பதையும் சொன்னேன். ஓடையில் என்ன பார்த்தேன் என்றும் சொன்னேன். வாசுகி தரையைப் பார்க்கவில்லை. ஒவ்வொரு பெண்ணாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர்கள்தான் தரையைப் பார்த்தார்கள்.

சுப்பம்மா வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தாள். "நீங்க கேள்வி கேட்டீங்க, நாங்க பதில் சொன்னோம். அப்படித்தான பாய்?"

"அப்படித்தாங்க."

"எட்டு நாளும் ஓடைக்கா சொமந்தே?" என்று வாசுகியிடம் திரும்பினாள்.

"ஆமாக்கா."

"கிறுக்கி. கிறுக்கிதான்டி நீ." குரல் பாதியில் வேறு மாதிரி ஆனது. அதை மறைக்க ஜீப்பின் உள்ளே பார்த்துக் கத்தினாள். "ஏய், தள்ளி உக்காருங்கடி. மகாராணிங்களாட்டம் காலை நீட்டிட்டு. டேய் பாண்டியா, அந்த ஃபோனைக் கீழ வெய்யி. உன்ற ஆடியோவ நானும் கேட்டேன். வாடகை ஜீப்பு ஊர்ல உன்றது ஒண்ணுதான்னு நெனச்சுக்காத."

பாண்டியன் கைப்பேசியை வைத்தான்.

பெண்கள் ஏறினார்கள். உள்ளே ஒரு ஆள் உட்காரும் அளவுக்கு இடம் உண்டானது. வாசுகி உடனே ஏறவில்லை. அந்த இடத்தையே சற்று நேரம் பார்த்தாள். ஏற வேண்டாம் என்று முடிவு செய்கிறாளோ என்று எனக்குப் பட்டது. அப்படிச் செய்ய அவளுக்கு எல்லா உரிமையும் இருந்தது. வசதிதான் இல்லை. தூக்குப்போசியை முதலில் உள்ளே கொடுத்தாள். யாரோ வாங்கிக்கொண்டார்கள். படியில் ஒரு காலை வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"பாய், அந்தப் பேப்பரைச் சனிக்கிழமையே ஸ்டேஷன்ல குடுத்துட்டேங்க."

"சரிங்க."

"நீங்க இன்னிக்கு வந்து சொல்வீங்கன்னு தெரிஞ்சுதான் குடுத்தேன். சொல்லாம விட்டிருந்தாலும் குடுத்திருப்பேன். கோகிலாவுக்குச் சொல்லணுமில்ல, நான் சிரிச்சுட்டு விட்டுடலைன்னு."

"கூப்புடுவாங்க. போறேங்க."

அவள் ஏறிக்கொண்டாள். ஜீப் இருமி, புகை விட்டு, மேட்டில் திணறி ஏறியது. பின்பக்கத் தார்ப்பாயின் இடைவெளியில் சுப்பம்மாவையும் சேர்த்து ஒன்பது பேரின் முழங்கால்கள் தெரிந்தன. வளைவில் திரும்பும் வரை பார்த்துக்கொண்டு நின்றேன்.

படியேறிக் கடையைத் திறந்தேன். ஸ்டேஷனிலிருந்து கூப்பிட்டால் தெரியும்படி, கைப்பேசியை மேஜைமேல் முகம் மேலாக வைத்துவிட்டு உட்கார்ந்தேன்.